ஆள் இல்லாத வீட்டைத் தட்டுகிறவன்

பூட்டுத் திறக்கிறவனுக்குப் பாதி வேலை தட்டுவதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆளிடம் போய், "இருங்க, முதல்ல ஒரு தடவை தட்டிப் பார்க்கிறேன்" என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "உள்ள யாரும் இல்லைங்க. என் வீடு எனக்குத் தெரியாதா?" என்பார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. தட்டுவேன். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பேன். கதவில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பையைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் தன் வீட்டில் ஈ காக்கை இல்லை என்று அடித்துச் சொல்லித் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாணலி பறந்து வந்தது. பின்னாலேயே அவருடைய மாமியார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் இருவரையும் அந்த அம்மாள் திருடர்கள் என்று நினைத்ததில் தப்பே இல்லை. வாணலியின் தழும்பு இன்னும் என் நெற்றியில் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட நான், கடவுள் விஷயத்தில் மட்டும் ஒரே போடாக இல்லை என்று சொல்கிறவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த என் சிநேகிதன்தான் ஒருநாள் கண்டுபிடித்துச் சொன்னான்.

"ஏன்யா, காலி வீட்டுக் கதவைக்கூடத் தட்டிட்டுத் திறக்கிறே. கடவுளை மட்டும் தட்டாமலே இல்லைங்கிறியே?"

"உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருஷமாத் தட்டிட்டாங்க. பதில் வரலை. அதுக்கு மேல என்ன வேணும்?"

"பதில் வரலைங்கிறது வேற, ஆள் இல்லைங்கிறது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ அந்த மாமியார்?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவனையும் என்னையும் சேர்த்துவைத்தது ஒரு நாத்திகர் மன்றம். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். கீழே இஸ்திரி போடுகிற சூடு தரை வழியாக ஏறி எங்கள் பாதத்தைச் சுடும். கடவுள் இல்லை, நரகம் இருக்கிறது என்று ஒருவர் கிண்டலடிப்பார். ஆரம்பத்தில் நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்தவர்கள் உண்டு. அப்புறம் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருவருக்கு வெளியூர் வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர் மனம் மாறிப் பெரிய பக்திமான் ஆகிவிட்டார். எங்களிலேயே அதிகமாகக் கத்தியவர் அவர்தான். கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

இரண்டு பேர் இருந்தால் அடித்துக்கொள்ள இன்னும் வசதி. எங்கள் சண்டை ஒரே சண்டைதான். நாத்திகன் என்றால் யார்?

"கடவுள் இருக்குன்னு நீ நம்புறியா?" என்று அவனை மடக்குவேன்.

"நம்பலை."

"அப்போ நீ நாத்திகன். முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? இல்லைன்னு உனக்குத் தெரியுமான்னு கேளு. தெரியாதும்பேன். நம்புறியாங்கிறது ஒரு கேள்வி, தெரியுமாங்கிறது இன்னொரு கேள்வி. நான் ரெண்டுக்கும் தனித்தனியாப் பதில் சொல்றேன். நீ முதல் பதிலையே ரெண்டாவதுக்கும் எழுதிடறே."

"பயந்தவன்தான்யா ஒரு கேள்வியை ரெண்டாக்குவான். நாளைக்கு மேல போய் அங்க ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, நான் அப்பவே சொன்னேனேன்னு தப்பிச்சுக்கலாம்."

"உட்கார்ந்திருந்தா நான் உன்னைக் காட்டிக் குடுத்துடுவேன், கவலைப்படாதே" என்பான்.

ஊரில் இந்த வித்தியாசத்தை யாரும் மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். சலவைக்கடைக்காரருக்கு நாங்கள் இருவருமே சாமி இல்லாத கும்பல். புத்தகங்களில் அவன் வகைக்கு ஐயவாதி, அறியொணாவாதி என்று வாயில் நுழையாத பெயர்கள் இருக்கின்றன. நான் வைத்த பெயர் 'இருக்கோ இல்லையோ கட்சி'. இரண்டு படகில் கால் வைத்தவன் என்றும் சொல்வேன். அவனோ, நான் ஒரு படகிலும் கால் வைக்கவில்லை, கரையில் நிற்கிறேன் என்பான்.

என் மனைவி எங்கள் இருவருக்குமே பெயர் வைத்திருந்தாள். நான் 'இல்லை'. அவன் 'தெரியாதண்ணன்'. "என்னங்க, தெரியாதண்ணன் வந்திருக்காரு, வாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பாள். அவள் காலையில் ஜன்னலோரம் நின்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். யாரிடம் பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை. எங்கள் வாதத்தின் நடுவே தேநீரை வைத்துவிட்டு, "இருக்குன்னு நம்புற நானே ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன். இல்லைங்கிற நீங்க இதுக்கு ஞாயித்துக்கிழமை பூராச் செலவழிக்கிறீங்களே" என்பாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தம்ளரை எடுத்துக்கொள்வோம்.

அவள் போனது ஒரு மழைக்காலத்தில். நுரையீரலில் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், சளியாக இல்லை. எல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு மெக்கானிக் மட்டும் என்னோடு இருந்தான். அவளுடைய நாற்காலியில் அவனும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். நான்தான் பேசினேன். "அவ்வளவுதான்யா. இனி அவ எங்கேயும் இல்லை" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தங்கச்சி எங்கயாவது இருக்கோ என்னமோ. யாருக்குத் தெரியும்?"

அவனை வெளியே போகச் சொன்னேன். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். வந்தவர்கள் எல்லாரும் ஏதேதோ உலகத்தின் பெயரைச் சொல்லி அவள் அங்கே சௌக்கியமாக இருப்பதாகச் சொன்னார்கள், தலையாட்டினேன். அவர்கள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், அதனால் வலிக்கவில்லை. இவன் சொன்னதுதான் வலித்தது. இல்லை என்றால் அழுது தீர்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தெரியாது என்றால் காத்திருக்க வேண்டும். யாருக்காக, எவ்வளவு காலம் என்று ஒன்றும் தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் அதையெல்லாம் எப்படிப் பேசுவது? அதற்குப் பதிலாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எழுந்து நின்று, கடவுள் இல்லை என்று தெளிவாகச் சொல்ல முடியாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. மன்றம் உடைந்தது.

சலவைக்கடைக்காரர்தான் பஞ்சாயத்துப் பண்ணினார். அறை ஒன்று, மன்றம் இரண்டு. எனக்கு முதல் மணி, அவனுக்கு அடுத்த மணி. பெயர்ப்பலகையும் ஒன்றுதான். முன்பக்கம் 'கடவுள் மறுப்பு மன்றம்'. பின்பக்கம் அவன் 'அறியோம் மன்றம்' என்று எழுதிக்கொண்டான். நான் போகும்போது பலகையைத் திருப்பிவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மன்றத்துக்கும் ஆளுக்கொரு தலைவர், உறுப்பினரும் அவரே.

வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். நான் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று உரையாற்றுவேன். இல்லாத சபையைப் பார்த்துப் பேசுகிறாயே, இதற்கும் அவள் ஜன்னலோரம் நின்றதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே உறைக்கும். ஆனால் சபை அடியோடு காலி என்றும் சொல்ல முடியாது. மெக்கானிக் எப்போதும் சீக்கிரமே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வான். நான் பேசுவது அவன் காதில் விழும். விழட்டும் என்றுதான் உரக்கப் பேசுவேன். முடித்துக்கொண்டு இறங்கும்போது இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவன் உள்ளே போனதும் நான் படியில் நின்று செருப்பு வாரைச் சரி செய்வேன். அந்த வாரைச் சரி செய்ய எனக்கு அவனுடைய உரை முடிகிற வரை ஆகும். நான் சொன்னதற்கெல்லாம் அவன் வரி விடாமல் பதில் சொல்வான். அடுத்த வாரம் அதற்கு நான். இப்படியே ஒரு வார்த்தை பேசாமல் வருஷக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்.

வாரம் முழுக்க நான் வேறு யாரிடமும் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவி வெட்ட வருகிறவர்கள் சாவியை நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். வெட்டுகிற இயந்திரத்தின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. வீட்டுக்குப் போனால் அதைவிட அமைதி. ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற கிழமைகளைத் தள்ளினேன்.

ஒரு ஞாயிறு படி காலியாக இருந்தது. உரையை முடித்துப் பலகையைத் திருப்பிவிட்டு நின்றேன். அவன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்றைக்கு எனக்குப் பேச்சே ஓடவில்லை. யாரும் கேட்காத இடத்தில் கடவுள் இல்லை என்று சொன்னால் அந்தக் கடவுளுக்கே ஒரு மாதிரி இருக்கும். பாதியில் நிறுத்திவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன்.

அவன் இருப்பது ஒரு பழைய குடியிருப்பின் மேல்மாடியில். லிஃப்ட் உண்டு. அவன் அதில் ஏற மாட்டான். "நடுவுல நிக்காதுன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவான். நானும் படியிலேயே ஏறினேன். பூட்டு நான் போட்டுக் கொடுத்ததுதான். நல்லுறவாக இருந்த காலத்தில், யாராலும் திறக்க முடியாது என்று பீற்றிக்கொண்டு மாட்டியது. உள்ளிருந்தும் பூட்டலாம், வெளியிலிருந்தும் பூட்டலாம். அதனால் உள்ளே ஆள் இருக்கிறானா என்று பூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தட்டினேன். "உள்ள இருக்கியாப்பா?" என்று கேட்டேன். கதவில் காதை வைத்தேன். விசிறிச் சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை. மறுபடி தட்டினேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையல் வேலை செய்கிற அம்மாள், கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தார்.

"அவர் இல்லைங்க. எங்கயோ போயிருக்காரு."

"போறதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை. சத்தமே இல்லையே, அதான் சொல்றேன்."

நான் வாழ்நாள் முழுக்கச் சொன்னதைத்தான் அந்த அம்மாளும் சொன்னார். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, கூப்பிட்டால் பதில் இல்லை, ஆகவே ஆள் இல்லை. இதைவிட நேரான வாதம் கிடையாது. சரிதாங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாசல்வரை வந்துவிட்டேன். தெருவில் கால் வைக்க முடியவில்லை. மேலே குளியலறைத் தரை ஈரமாக இருந்திருந்தால்? அந்த முழங்காலை வைத்துக்கொண்டு விழுந்து, குரல் எழும்பாமல் கிடந்தால்? அப்படி இருக்கிறான் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை. என் மன்றத்தில் எழுந்து நின்று இதற்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்தேன். மன்றம் நாசமாய்ப் போகட்டும் என்று தோன்றியது. "எனக்குத் தெரியலையே" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் மிதிவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "என்ன சார் தெரியலை?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படியேறினேன்.

தையல்காரம்மாவைச் சாட்சிக்கு நிற்க வைத்துவிட்டுப் பூட்டுத் திறக்கிற கம்பிகளை எடுத்தேன். என் பூட்டு எனக்கே வழி விடவில்லை. இவ்வளவு நல்ல பூட்டைப் போட்டவன் எவன் என்று திட்டிக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கம்பி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு பூட்டிடம் நான் தோற்றது அன்றைக்குத்தான். கடைசியில் ட்ரில் போட்டு மொத்தமாகத் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. வாணலி வருமா என்று ஒரு நொடி ஆசையாகக்கூட இருந்தது. வரவில்லை. கூடம், சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். படுக்கை சுருட்டிவைத்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. அவன் இல்லை. நிஜமாகவே இல்லை.

"நான்தான் சொன்னேனே" என்றார் தையல்காரம்மா. "ஆமாங்க, நீங்க சொன்னீங்க" என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு எடுத்துவந்து மாட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அறையில் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். படியில் கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். அந்தக் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

மெக்கானிக்தான். வந்து எதிரில் உட்கார்ந்து, புதுச் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"யாரும் இல்லாத வீட்டை உடைச்சிருக்கே."

"இருக்கியா இல்லையான்னு தெரியலை."

அவன் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"தெரியலைன்னு சொன்னேன். போதுமா? எங்க போய்த் தொலைஞ்சே?"

"மக வீட்டுக்கு. அங்கேயே வந்து இருந்துடுங்கப்பாங்கிறா. தரைத்தளத்துல ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. முழங்கால் இனிமே அந்தப் படிக்கு ஆகாது." முழங்காலைத் தடவிக்கொண்டான். "வர்ற வாரம் கிளம்பறேன்."

கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொல்லிட்டுப் போற மாதிரியா இருந்தோம்? வந்து சொல்லியிருந்தா, என் நேரம் இன்னும் முடியலைன்னு துரத்தியிருப்பே."

துரத்தியிருப்பேன். அது உண்மைதான்.

"ஆனா ஒண்ணு," என்றான். "நீ படியில நிக்கறது எனக்குத் தெரியும். நடுப்படி ஒண்ணு கிறீச்சிடும். அது கேட்டதும்தான் பேச ஆரம்பிப்பேன். கேட்கலைன்னா காத்திருப்பேன்."

அப்போது சொன்னேன். அத்தனை வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். அவள் போன அன்றைக்கு அவன் சொன்ன வார்த்தை என்னை என்ன செய்தது என்று, இல்லை என்று சொல்லித்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று. கேட்டுக்கொண்டே அவன் சாவியை மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

"அது கொள்கை இல்லைப்பா" என்றான் கடைசியில். "வேற எதைப் பத்திக் கேட்டாலும் தெரியாதுன்னு நான் யோசிச்சுத்தான் சொல்லுவேன். அன்னிக்கு யோசிக்கலை. தங்கச்சியை இல்லைன்னு சொல்ல வாய் வரலை. அவ்வளவுதான்."

அன்று அவன் நேரம் வந்தபோது பலகையைத் திருப்ப யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரே மன்றமாக உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். நான் மேலே நின்று, நடுப்படி கிறீச்சிடுகிற வரை கேட்டேன்.

அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். மகள் வீட்டில் எல்லாருக்கும் பக்தி அதிகமாம், அவனோடு சண்டை போட அங்கே ஆளில்லையாம். போன ஞாயிறு சலவைக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே பலகையை எந்தப் பக்கம் வைக்கிறதுங்க?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் சாவியை எடுத்தேன். என் வீட்டில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் போனதிலிருந்து அந்தக் கதவை நான் தட்டாமல்தான் திறந்துகொண்டிருக்கிறேன். ஊரார் வீட்டையெல்லாம் தட்டுகிறவன், என் வீட்டை மட்டும் தட்டியதில்லை. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. மெதுவாகத் தட்டினேன். "உள்ள இருக்கியாம்மா?" என்று கேட்டேன். கதவில் காதை வைத்து, தொழிலில் நிற்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

பதில் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.